மவுண்டன் பைக் சஸ்பென்ஷன்: முதலில் காற்று, அப்புறம் ரீபவுண்ட், மற்றதெல்லாம் பிறகு

கடையிலிருந்து புது மவுண்டன் பைக்கை எடுத்து வரும்போது அதன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அமுங்கி எழும் அந்த இரண்டு கால்களில், இருப்பது உங்களுக்காக அடைத்த காற்று இல்லை. 55 கிலோ ஆளும் அதே பைக்கைத்தான் வாங்குகிறார், 95 கிலோ ஆளும் அதையேதான் வாங்குகிறார். தொழிற்சாலையில் ஏதோ ஒரு அளவுக்கு அடைத்து அனுப்பியிருப்பார்கள். கடைக்காரர் கொஞ்சம் அக்கறையானவராக இருந்தால் உங்களை ஏறி உட்காரச் சொல்லி ஒருமுறை பார்த்திருப்பார், இல்லையென்றால் அதுவும் கிடையாது. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியை வருடக்கணக்கில் அந்த அளவிலேயே ஓட்டிவிட்டு, "ஃபோர்க் கட்டையா இருக்கு, வேற மாத்தணும்" என்று விலை விசாரிப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் மாற்ற வேண்டியது ஃபோர்க்கை இல்லை. பத்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றையும், திருகும் நாப்பில் நாலைந்து கிளிக்கையும்தான்.

முன்னால் மட்டும் காற்று ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் அல்லது பின்னாலும் ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் பைக் வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு நாப்பும் நீல நாப்பும் எதற்கென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரும்பு ஸ்பிரிங் ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

சஸ்பென்ஷன் சொகுசுக்காக என்றுதான் முதலில் தோன்றும். கை வலிக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் அது கூடுதல் லாபம். உண்மையான வேலை டயரைத் தரையோடு ஒட்டி வைத்திருப்பது. டயர் காற்றில் இருக்கும் நேரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை, ஹேண்டில்பாரைத் திருப்பியும் பயனில்லை. இதற்கு ஒரு பழைய உதாரணம்: பால் டர்னர் உருவாக்கிய ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஃபோர்க் வெறும் இரண்டு அங்குலம் அளவுக்குத்தான் அமுங்கும். 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு இறங்கி டவுன்ஹில் (மலை இறக்கப் பந்தயம்) பட்டத்தை வென்றார். பந்தயத்தில் சொகுசுக்கு யாரும் நேரம் குறைத்துத் தருவதில்லை. மற்றவர்களின் முன் சக்கரம் குதித்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த இரண்டு அங்குலம் சக்கரத்தைத் தரையில் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே இரண்டே விஷயம்தான். ஒன்று ஸ்பிரிங்: காற்றாக இருக்கலாம், இரும்புச் சுருளாக இருக்கலாம், வேலை ஒன்றுதான், எடையைத் தாங்குவதும் அமுங்கியதைத் திருப்பித் தள்ளுவதும். இன்னொன்று டாம்பர்: எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகப் போக வைத்து அந்த அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. ஆபீஸ் கதவுக்கு மேலே ஒரு டோர் குளோசர் இருக்குமே, அதிலும் இந்த இரண்டும்தான். கதவைத் திருப்பி இழுப்பது ஸ்பிரிங், அது படாரென்று அடிக்காமல் மெதுவாக வந்து மூடுவது எண்ணெயின் வேலை, பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் திருகைத் திருப்பினால் மூடும் வேகம் மாறும். அந்தத் திருகுதான் உங்கள் ஃபோர்க்கில் ரீபவுண்ட் நாப்.

ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் பெரும்பாலான மாடல்களில், பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கில், இடது காலில் காற்று, வலது காலில் டாம்பர். இடது கால் உச்சியில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால் கார் டயரில் இருக்கும் அதே வகை வால்வு தெரியும். வலது கால் அடியில் சிவப்பு நாப், அது ரீபவுண்ட். வலது கால் உச்சியில் நீல நாப் அல்லது லீவர், அது கம்ப்ரஷன். பின் ஷாக்கிலும் அநேகமாக இதே நிறங்கள்தான். பளபளவென்று இருக்கும் மேல் குழாயில், அதாவது ஸ்டான்ஷனில், ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அந்த ஓ-ரிங்தான் இங்கே நமக்கு அளவுகோல். அது அறுந்து போயிருந்தால் ஒரு மெல்லிய ஜிப் டையை லேசாகக் கட்டிக்கொள்ளுங்கள், வேலை நடக்கும்.

வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள், ஷாக் பம்ப். நல்ல டயர் ஒன்றின் விலைகூட வராது. டயருக்கு அடிக்கும் பம்ப்போ பெட்ரோல் பங்க் காற்றோ இதற்கு ஆகாது. ஃபோர்க்குக்குள் காற்று நிற்கும் இடம் மிகச் சின்னது, பின் ஷாக்கில் இன்னும் சின்னது, ஆனால் அழுத்தம் 200 பிஎஸ்ஐக்கு மேலேகூடப் போகும். ஷாக் பம்ப் ஒரு அடிக்குக் கொஞ்சமே கொஞ்சம் காற்றை உயர் அழுத்தத்தில் தள்ளுவதற்காகவே செய்யப்பட்டது.

சேக்: நீங்கள் ஏறி நின்றாலே எவ்வளவு அமுங்குகிறது

எந்த நாப்பையும் தொடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். பைக்கில் நீங்கள் ஏறி, எதுவும் செய்யாமல் நின்றால், உங்கள் எடையால் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும். மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில், அதாவது டிராவலில், இது எத்தனை சதவீதம் என்பதுதான் சேக். இது ஏன் வேண்டும் என்றால், பாதையில் மேடு மட்டும் இல்லை, பள்ளமும் இருக்கிறது. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். ஏற்கனவே கொஞ்சம் அமுங்கி நின்றால்தானே அது கீழே நீள முடியும்? சேக்கே இல்லாத ஃபோர்க் மேட்டை வேண்டுமானால் சமாளிக்கும், பள்ளத்தில் சக்கரத்தைக் கைவிட்டுவிடும்.

ஒரு உதாரணத்தோடு போகலாம். முன்னால் 140 மில்லிமீட்டர், பின்னால் 130 மில்லிமீட்டர் டிராவல் உள்ள ஒரு சாதாரண டிரெயில் பைக், ஓட்டுபவர் 75 கிலோ. ஃபோர்க்குக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 28 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். வேகம்தான் முக்கியம் என்னும் கிராஸ் கன்ட்ரி வண்டிகளில் 15 வரை இறங்குவார்கள், செங்குத்தான இறக்கங்களே வேலை என்றால் 25 வரை போவார்கள். பின் ஷாக்குக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. சக்கரம் 130 மில்லிமீட்டர் மேலே வந்தாலும் ஷாக்கின் தண்டு அவ்வளவு தூரம் போவதில்லை. இந்த அளவு பைக்கில் அது 50 மில்லிமீட்டர் என்று வையுங்கள். சேக்கை அந்த 50-இல்தான் அளக்க வேண்டும். 28 முதல் 30 சதவீதம் என்றால் 14, 15 மில்லிமீட்டர். ஷாக் ஒரு மில்லிமீட்டர் போனால் சக்கரம் 2.6 மில்லிமீட்டர் போகிறது, அதனால் இங்கே அளவில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் சக்கரத்தில் ஐந்துக்கு மேல் பிசகும். கண்ணளவு வேண்டாம், ஸ்கேல் வைத்து அளங்கள். இன்னொன்று, வெளியே தெரியும் குழாயின் முழு நீளத்தையும் டிராவல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல ஃபோர்க்குகளில் முழுதாக அமுங்கிய பிறகும் மேலே கொஞ்சம் குழாய் மிஞ்சும். டிராவல் எவ்வளவு என்று மாடல் விவரத்தில் இருக்கும், அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகள் பலவற்றில் குழாயின் மேலேயே சதவீதக் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள், அப்போது இந்தக் கணக்கே தேவையில்லை.

எவ்வளவு காற்றில் தொடங்குவது? ஃபோர்க்கின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எடைக்கு இத்தனை பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும், அதிலிருந்து தொடங்கலாம். பின் ஷாக்குக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு, உங்கள் எடை எத்தனை பவுண்டோ அத்தனை பிஎஸ்ஐ. 75 கிலோ என்றால் 165 பவுண்டு, ஆக 165 பிஎஸ்ஐ. இவை தொடக்கம்தான், முடிவைச் சொல்ல வேண்டியது ஓ-ரிங்.

அடித்தபின் ஒரு விஷயம் பலர் விட்டுவிடுவது. காற்று ஸ்பிரிங்கில் ஒரு அறை இல்லை, இரண்டு. பெரிய அறை ஃபோர்க்கைத் தூக்கி நிறுத்துகிறது, எதிர்ப்பக்கம் இருக்கும் சின்ன அறை அதைக் கீழே இழுத்து, தொடக்க அசைவை மென்மையாக்குகிறது. நாம் அடிப்பது பெரிய அறைக்குள் மட்டும். அமுங்கும் வழியில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போதுதான் இரண்டு அறைகளுக்கும் நடுவே காற்று போய் வரும். ஆகவே காற்று அடித்ததும் ஹேண்டில்பாரைப் பிடித்து மெதுவாகப் பத்து முறை அமுக்கி விடுங்கள். பின் ஷாக்குக்கு நிறைய அடிக்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு 50 பிஎஸ்ஐக்கும் ஒருமுறை நிறுத்தி இதைச் செய்யுங்கள். அதன்பின் மீட்டர் முள் கொஞ்சம் இறங்கியிருக்கும், சின்ன அறைக்குப் போன காற்று அது, மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். காற்றை இறக்கும்போதும் இதே போல, கொஞ்சம் விட்டு, அமுக்கி, கொஞ்சம் விட்டு என்று போக வேண்டும். ஒரேயடியாகப் புஸ்ஸென்று திறந்துவிட்டால் சின்ன அறையில் மட்டும் அழுத்தம் தங்கி, ஃபோர்க் அமுங்கிய நிலையிலேயே நின்றுவிடலாம். பார்க்க உடைந்தது போலத் தெரியும், உடையவில்லை. காற்று அடித்து இழுத்துவிட்டால் வந்துவிடும்.

பம்ப்பைக் கழற்றும்போது வரும் "டுஸ்" சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். அது ஹோஸுக்குள் இருந்த காற்று வெளியேறும் சத்தம், ஃபோர்க்கில் இருந்து போவதில்லை. மறுபடி மாட்டிப் பார்த்தால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும், ஏனென்றால் காலி ஹோஸை நிரப்ப இப்போது ஃபோர்க்கில் இருந்து காற்று வந்திருக்கிறது. பின் ஷாக்கில் இது நன்றாகவே தெரியும். "நேத்து 165 வச்சேன், இன்னைக்கு 150 காட்டுது, லீக் ஆகுது" என்று ஷாக்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளக்கலாம். நீங்கள் வழக்கமாக எப்படிப் போவீர்களோ அப்படியே, ஹெல்மெட், ஷூ, நீங்கள் சுமக்கும் தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏற வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. லாக்கவுட், அதாவது சஸ்பென்ஷனை அமுங்காமல் பூட்டும் லீவர், திறந்திருக்கட்டும். ஒரு நண்பர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டால் நல்லது, யாரும் இல்லையென்றால் சுவர் ஓரமாக ஒரு முழங்கையைச் சாய்த்துக்கொள்ளலாம். பெடல்கள் இரண்டும் கிடைமட்டமாக, சீட்டில் உட்காராமல், முழங்காலும் முழங்கையும் லேசாக மடங்க, இறக்கத்தில் எப்படி நிற்பீர்களோ அப்படி நில்லுங்கள். இரண்டு மூன்று தடவை நன்றாகக் குதித்து அமுக்கி அசைவு அடங்கவிட்டு, மேல் குழாய் கீழ்க்காலுக்குள் நுழையும் வாயில் இருக்கும் ரப்பர் சீலின் ஓரம் வரை ஓ-ரிங்கை நண்பரைத் தள்ளச் சொல்லி, அப்புறம் பிரேக் பிடிக்காமல், அலுங்காமல் கீழே இறங்குங்கள். சீலில் இருந்து ஓ-ரிங் நிற்கும் தூரம்தான் சேக். 28 வேண்டிய இடத்தில் 34 வந்தால் காற்று போதவில்லை, 20 வந்தால் அதிகம். ஃபோர்க்கில் ஐந்து பிஎஸ்ஐ, ஷாக்கில் பத்து பிஎஸ்ஐ என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். இறங்கும்போது ஒரு குலுக்கல் விழுந்தால்கூட அளவு கெட்டுவிடும், அதனால் ஒருமுறை வந்ததை நம்பாமல் மூன்று முறை எடுங்கள்.

சேக் பார்த்து முடித்ததும் முன்னும் பின்னும் ஒத்துப்போகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். சமதளத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலில் நின்று நேராகக் கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்க வேண்டும். பின்பக்கம் மட்டும் ஆழமாகப் போனால் முன் சக்கரத்தில் எடை குறைந்து, வளைவில் அது சொன்ன பக்கம் போகாமல் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். இதை "டயர் சரியில்லை" என்று நினைத்து டயர் மாற்றுபவர்களும் உண்டு.

டயர் என்றதும் நினைவுக்கு வருகிறது: இத்தனையும் செய்வதற்கு முன் டயர் காற்றைப் பார்த்துவிடுங்கள். 75 கிலோ ஆள், 2.4 அங்குல டியூப்லெஸ் டயர் என்றால் 22 முதல் 26 பிஎஸ்ஐ போதும். அங்கே 40 அடைத்து வைத்துக்கொண்டு ஃபோர்க்கில் மென்மையைத் தேடினால் கிடைக்காது.

மலைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுபவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், உயரத்தில் அழுத்தம் மாறாதா என்று. மாறும். கோயம்புத்தூரில் 80 பிஎஸ்ஐ அடைத்து ஊட்டிக்குக் கொண்டுபோனால், 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் ஏறக்குறைய மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் ஊட்டி குளிர். பன்னிரண்டு டிகிரி குறைந்தாலே உள்ளே இருக்கும் காற்று சுருங்கி மூன்று நான்கு பிஎஸ்ஐ இறங்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அடித்துக்கொள்கின்றன. அதனால் நீலகிரிப் பயணத்துக்காகத் தனியாக மெனக்கெட வேண்டாம். காரின் பின்னால் மத்தியான வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் ஃபோர்க்கில் மட்டும் அளவு எடுக்காதீர்கள்.

ரீபவுண்ட்: திரும்பி வரும் வேகம்

சேக் சரியான பிறகுதான் சிவப்பு நாப். இந்த வரிசை மாறக் கூடாது. காற்று அதிகமானால் ஸ்பிரிங் வேகமாகத் திருப்பித் தள்ளும், அதைப் பிடிக்க ரீபவுண்டை இறுக்க வேண்டும். காற்று குறைந்தால் ரீபவுண்டைத் தளர்த்த வேண்டும். ரீபவுண்டை முதலில் வைத்துவிட்டு அப்புறம் காற்றை மாற்றினால் வைத்ததெல்லாம் வீண். ஒரே ஃபோர்க்கில் 60 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் கிளிக் எண்ணிக்கை வேறாக இருப்பது இதனால்தான். நண்பரின் எண்ணைக் கேட்டு அப்படியே வைப்பதில் அர்த்தம் இல்லை.

நாப்பை வலப்பக்கம், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் திரும்பி வருவது மெதுவாகும், இடப்பக்கம் திருப்பினால் வேகமாகும். சில நாப்களில் ஆமையும் முயலும் வரைந்திருப்பார்கள். கிளிக் எண்ணுவது எப்போதும் முழுக்க மூடிய நிலையிலிருந்து: வலப்பக்கம் நிற்கும்வரை, அழுத்தாமல், திருப்பிவிட்டு, அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். "மூடியதிலிருந்து 9" என்று எழுதி வைத்தால் அடுத்த வருடமும் அதே இடத்துக்கு வந்துவிடலாம். நடுவில் எங்கிருந்தோ எண்ணினால் யாருக்கும் புரியாது, உங்களுக்கே புரியாது.

வேகம் அதிகமானால் என்ன ஆகும் என்பது சுலபமாகப் பிடிபடும். ஃபோர்க் துள்ளும், கல்லில் ஏறி இறங்கியதும் சக்கரம் எம்பும், வளைவில் முன் டயர் விட்டு விட்டுப் பிடிக்கும். பின் ஷாக்கில் என்றால், ஒரு மேட்டில் ஏறி எழும்போது பின்பக்கம் உதைத்து உங்களை முன்னால் தள்ளும். அது பயமான அனுபவம், ஒருமுறை பட்டால் யாரும் விடமாட்டார்கள், உடனே குறைத்துவிடுவார்கள்.

ஏமாற்றுவது அடுத்த பக்கம்தான். ரீபவுண்ட் மிக மெதுவாக இருக்கிறது என்று வையுங்கள். வேர்கள் வரிசையாகக் குறுக்கே போகும் இறக்கத்தில் போகிறீர்கள். முதல் வேரில் ஃபோர்க் 40 மில்லிமீட்டர் அமுங்குகிறது, எழுந்து வருவதற்குள் இரண்டாவது வேர் வந்துவிடுகிறது, பாதி எழுந்த நிலையிலேயே மறுபடி அமுங்குகிறது. மூன்றாவதில் இன்னும் கீழே, நான்காவதில் அதற்கும் கீழே. இப்படியே போய் ஆறேழு வேருக்குப் பிறகு உங்கள் 140 மில்லிமீட்டர் ஃபோர்க் 50 மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு ஓடும். காற்று ஏற்கனவே அமுங்கிக் கெட்டியாக இருக்கும் பகுதி அது. கைக்கு என்ன தெரியும்? கட்டையாக இருக்கிறது என்று தெரியும். உடனே என்ன தோன்றும்? காற்று அதிகம், கொஞ்சம் குறைக்கலாம் என்று தோன்றும். குறைத்தால் ஃபோர்க் இன்னும் ஆழத்தில் தொங்கும், இன்னும் கட்டையாகும், கூடவே முன்பக்கம் தாழ்ந்து இறக்கத்தில் தலைகுப்புற விழப் போவது போல இருக்கும். செய்ய வேண்டியதோ சிவப்பு நாப்பை இடப்பக்கம் இரண்டு கிளிக். முதல் வேரில் மென்மையாகவும் போகப் போகக் கடினமாகவும் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது ரீபவுண்டை. முதல் வேரிலேயே கடினமாக இருந்தால்தான் காற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

தொடக்க அளவுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சாதாரண நடைபாதை விளிம்பிலிருந்து மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, எழுந்து, ஒருமுறை லேசாக மேலே போய் அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம், கனமாக மெல்ல எழுந்து வந்தால் குறைவு. ஃபோர்க்குக்கு, நின்ற இடத்தில் பலமாக அமுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். சக்கரம் தரையை விட்டு எம்பாமல், ஆனால் தயங்காமல் எழுந்து வர வேண்டும். வீட்டு வாசலில் செய்வது இதற்கு மேல் உதவாது. மீதியைப் பாதையில்தான் பார்க்க வேண்டும்.

பாதையில் பார்ப்பதற்கு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சின்னத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிகிற, கல்லும் வேரும் ஒரு வளைவும் உள்ள இடம். வைத்திருக்கும் அளவிலிருந்து மூன்று கிளிக் வேகமாக்கி ஒருமுறை, மூன்று கிளிக் மெதுவாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டில் எது மோசம் என்று யாருக்கும் தெரிந்துவிடும். மோசமான பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் அடுத்ததைத் தேடுங்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். காற்றையும் ரீபவுண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் நன்றாக இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள், மூன்றாவது சுற்றில் முதல் சுற்றின் எண் நிச்சயம் மறந்திருக்கும்.

நீல நாப்பும் டோக்கனும்

கம்ப்ரஷன் என்பது ரீபவுண்டுக்கு நேர் எதிர், அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. பல பைக்குகளில் இது திறந்தது, பாதி, மூடியது என்று மூன்று நிலை லீவராக மட்டும் இருக்கும். தார் ரோட்டில் ஏறும்போது மூடிக்கொள்ளலாம், இறக்கத்தில் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். விலை கூடிய ஃபோர்க்குகளில் லோ ஸ்பீட், ஹை ஸ்பீட் என்று இரண்டு நாப் இருக்கும். அந்த ஸ்பீட் பைக்கின் வேகம் இல்லை, ஃபோர்க்கின் தண்டு எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் மெல்லத் தாழ்வது லோ ஸ்பீட், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் சரி. செங்கல் அளவு கல்லில் மோதுவது ஹை ஸ்பீட், நடக்கும் வேகத்தில் போனாலும் சரி. ஆரம்பத்தில் இரண்டையும் முழுக்கத் திறந்து விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. பிரேக் பிடித்தால் மூக்கு ரொம்பவே குத்துகிறது என்றால் மட்டும் லோ ஸ்பீடை ஒன்றிரண்டு கிளிக் கூட்டலாம். ஹை ஸ்பீட் நாப்பை முதல் சில மாதங்கள் மறந்துவிட்டாலும் ஒன்றும் குறையாது.

டோக்கன் கொஞ்சம் சுவாரசியமான விஷயம். சேக் சரியாக இருக்கிறது, ரீபவுண்ட் சரியாக இருக்கிறது, ஆனாலும் கொஞ்சம் பெரிய இடத்தில் குதித்தால் ஃபோர்க் முழுதாக அமுங்கி "டக்" என்று இடிக்கிறது. காற்றைக் கூட்டினால் இடிப்பது நிற்கும், ஆனால் சேக் போய்விடும், சின்னக் கற்களில் கை உதறும். இங்கேதான் டோக்கன் என்ற சின்ன பிளாஸ்டிக் துண்டு வருகிறது. காற்று அறைக்குள் அது கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் அறை பெரிதாக இருக்கும்போது இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. கடைசியில் காற்று சிறிய இடத்துக்குள் நெருக்கப்படும்போது, மீதி இருக்கும் கொஞ்ச இடத்தில் டோக்கன் பெரும் பங்கைத் தின்றுவிடுவதால் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். ஆகத் தொடக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், முடிவு மட்டும் கெட்டியாகும். ஒன்று போட்டுப் பாருங்கள், தேவையென்றால் அடுத்தது. மூடியைத் திறப்பதற்கு முன் காற்றை முழுக்க இறக்க வேண்டும், இதில் விளையாட்டே கூடாது.

முழு டிராவலையும் பயன்படுத்துவது தப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு சவாரியில், மிகப் பெரிய குதிப்பில் ஒரே ஒருமுறை கடைசி வரை போய்வந்தால் அது சரியான அமைப்பு. பலமுறை ஓட்டியும், பெரிய இடங்களில் குதித்தும், ஓ-ரிங் கடைசி 40 மில்லிமீட்டர் பக்கமே போகவில்லை என்றால் காற்று அதிகம் அல்லது டோக்கன் அதிகம். 140-க்குக் காசு கொடுத்துவிட்டு 100-ஐ ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி இரும்பு ஸ்பிரிங் ஃபோர்க். 20,000, 30,000 ரூபாய் வண்டிகளில் வருவது பெரும்பாலும் இதுதான். இடது கால் உச்சியில் ஒரு நாப் இருக்கும், கூட்டல் கழித்தல் போட்டிருக்கும். அதைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் நெருக்கி வைக்கிறது, அதனால் சேக் சில மில்லிமீட்டர் மாறும், அவ்வளவே. ரொம்ப எடை கூடியவர் அல்லது குறைந்தவர் என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும், சில மாடல்களுக்கு மென்மையானதும் கெட்டியானதும் தனியாகக் கிடைக்கும். ரீபவுண்டைக் கட்டுப்படுத்தும் டாம்பர் பல ஆரம்ப நிலை ஃபோர்க்குகளில் கிடையவே கிடையாது, அதனால் துள்ளத்தான் செய்யும், அதை எந்தத் திருகும் சரிசெய்யாது. அந்த வண்டிக்கு நல்ல காற்று ஃபோர்க் வாங்கிப் போடலாமா என்று கேட்டால், பைக்கின் விலையில் பாதிக்கு மேல் அதற்கே போகும், ஃபோர்க்கை ஹேண்டில்பாரோடு இணைக்கும் ஸ்டியரர் குழாயும் சக்கர ஆக்சிலும் பொருந்தாமல் போகவும் வாய்ப்பு அதிகம். நல்ல டயர் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள், மீதிப் பணத்தை அடுத்த பைக்குக்குச் சேருங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. ஓட்டி முடித்ததும் ஸ்டான்ஷனை மெத்தென்ற துணியால் துடையுங்கள், சீலின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் உராய்வைக் குறைக்கக் கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய் இருக்கும். ராக்‌ஷாக்ஸ் அதை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. வாரத்துக்கு நாலு மணி நேரம் ஓட்டுபவருக்கு மூன்று மாதம்தான். யாரும் அவ்வளவு சரியாகச் செய்வதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் எல்லா அளவும் முன்பு போலவே இருக்க, சின்னக் கற்களில் மட்டும் ஃபோர்க் அசையத் தயங்குகிறது என்றால் நாப்பைத் தொடாமல் சர்வீசுக்குக் கொடுங்கள். பின் ஷாக்கை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம், சிலவற்றில் காற்று அறைக்கு அப்பால் நைட்ரஜனும் அதிக அழுத்தத்தில் அடைத்திருக்கும். சர்வீஸ் முடிந்து வந்ததும் போனில் குறித்து வைத்த பழைய எண்களிலேயே தொடங்கி, சேக்கை மட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள், உள்ளே எத்தனை டோக்கன் போட்டார் என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றியதைத் திரும்பப் போட மறப்பவர்களும் இருக்கிறார்கள்.